பயப்படாத பிள்ளைகள்

பலூன் வெடித்தபோது ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அஜிதாவின் வேலையே அதுதான். கிளப் கிளப்பாகப் போய், பிள்ளைகள் கவனிக்காத நேரத்தில் பின்னால் நின்று ஒரு பலூனை ஊசியால் குத்துவாள். கபடிப் பிள்ளைகள் துள்ளுவார்கள். நீச்சல் பிள்ளைகள் அலறிவிட்டு, அலறியதற்காகச் சிரிப்பார்கள். மணிக்கட்டில் கட்டியிருக்கும், நாடித் துடிப்பை அளக்கும் பட்டை பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போய், மூச்சு அடங்கியதும் பச்சைக்குத் திரும்பும். அப்படித் திரும்பினால் பட்டை சரியாக இருக்கிறது என்று பதிந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவாள்.

ஆரல்வாய்மொழி வில்வித்தைக் கழகத்தில் முப்பது பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கணவாய்க் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பலூன் வெடித்த சத்தம் அவளையே கொஞ்சம் உலுக்கியது. ஆனால் முப்பது மணிக்கட்டும் பச்சை. வரிசையின் கோடியில் நின்ற ஒல்லியான சிறுமி அம்பை விட்டாள். அது மஞ்சள் வட்டத்தின் நடுவில் போய்க் குத்தி நின்றது.

"பாத்தேளா மேடம்?" தாணுலிங்கம் மாஸ்டர் சிரித்தார். நரைத்த மீசை, வெயிலில் கறுத்த கழுத்து, தொப்பியில் மாநில அரசின் விருது முத்திரை. "இந்தக் காத்துல நின்னு எய்யப் பழகின பிள்ளைங்க. பலூனுக்கா பயப்படும்?"

"பயம் வேற, திடுக்கிடுறது வேற மாஸ்டர். தூங்குற குழந்தைகூட சத்தத்துக்குத் திடுக்கிடும்."

"வில்லாளி ரெண்டு நெஞ்சுத் துடிப்புக்கு நடுவுலதான் அம்ப விடணும். துடிப்ப அடக்கத் தெரியாதவனுக்கு இங்க இடமில்ல." அவர் அவள் கையிலிருந்த டேப்லெட் திரையை எட்டிப் பார்த்தார். "எல்லாம் பச்சைதானே? அப்ப எழுதிட்டுப் போங்க. பட்டை பொய் சொல்லாது."

அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. காற்றில் கலையாமல் இருக்க இடது காதை மூடிக் கட்டியிருந்த துணியை அவள் இன்னொரு முறை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தக் காதின் மேல்பாதி இல்லை.

பட்டைகள் வருவதற்கு முன்னால், அஜிதாவும் இதே மைதானத்தில் இதே மாஸ்டரிடம் பயின்றவள்தான். அன்றைக்குக் குறி தவறிய பிள்ளையை மாஸ்டர் டார்கெட்டுக்குப் பக்கத்தில், தோள் உரசும் தூரத்தில் நிற்க வைப்பார். மற்றவர்கள் எய்வார்கள். "பயம் போகணும் மக்கா" என்பார். ஒரு நாள் அஜிதாவின் முறை வந்தது. அம்பு வருவதைப் பார்த்துத் தலையைத் திருப்பினாள். எய்தவன் அவள் வகுப்புப் பையன். அதற்குப் பிறகு அவன் வில்லையே தொடவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் அவள் அப்பா மாஸ்டர் வீட்டுக்குப் போனார். சண்டை போடப் போகிறார் என்று அவள் நினைத்தாள். "எம் பிள்ள கோட்டத் தாண்டிப் போயிட்டா, மன்னிச்சுக்கிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

அந்தக் கும்பிடு அவளுக்குள் மக்காமல் கிடந்தது. பிள்ளைகளைக் காக்கும் பட்டை செய்கிற நிறுவனத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்ததற்குக் காரணம் அதுதான். மாஸ்டர் ஒரு நாள் மாட்டுவார், அன்றைக்கு நான் அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் மாநிலத்திலேயே மிகப் பச்சையான கிளப் என்று அவருக்குத்தான் விருது கொடுத்தார்கள்.

போகும்முன் அந்த ஒல்லிச் சிறுமியிடம் பேச்சுக் கொடுத்தாள். பெயர் பெனிஷா. ஏழாம் வகுப்பு. மாவட்டத்தில் முதலிடம்.

"மாஸ்டர் யாரையாவது டார்கெட் பக்கத்துல நிக்க வைப்பாரா மக்ளே?"

பெனிஷா அம்புகளைத் துடைத்துக்கொண்டே, "இல்லக்கா" என்றாள். முகத்தில் எதுவுமில்லை. பட்டையிலும் எதுவுமில்லை.

*

மறுநாள் நாகர்கோவிலில் சிறார் காப்பு மன்றத்தின் தலைவர் நீலவேணியைப் போய்ப் பார்த்தாள்.

"பிள்ளைங்க திடுக்கிடவே இல்ல மேடம். அப்படி யாரும் பிறக்கிறதில்ல. பழக்கியிருக்காரு. பயத்த வெளிய காட்டாம இருக்க அடிச்சுப் பழக்கியிருக்காரு."

"ஒரு பட்டையாவது மஞ்சள் காட்டிச்சா?"

"அதத்தான் சொல்றேன். காட்டாதது தான் தப்பு."

நீலவேணி கண்ணாடியைக் கழற்றினார். "அஜிதா, இந்தச் சட்டம் ஏன் வந்துச்சுன்னு தெரியுமா? ஒரு கிளப் வழக்குல, பத்து வயசுப் பிள்ளைய நாலு வக்கீல் மாத்தி மாத்திக் கேட்டதை நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். 'எத்தனை தடவை? எந்தக் கை? நீ ஏன் கத்தல?' அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் பேசுறதையே நிறுத்திட்டா. இனிமே எந்தப் பிள்ளையும் அப்படி உக்காரக் கூடாதுன்னுதான் பட்டைய வச்சோம். பிள்ளை பேச வேண்டாம், பட்டை பேசும். சிவப்பு விழுந்தா பயிற்சியாளர் அன்னைக்கே உள்ள. விழலன்னா புகாரே எடுக்க முடியாது."

"நீங்க ஒரு தடவை அந்தப் பிள்ளைங்ககிட்ட கேளுங்களேன்."

"பட்டை பச்சையா இருக்கும்போது பிள்ளைய விசாரிக்கிறது குற்றம். நானே எழுதின பிரிவு அது."

நல்ல மனுஷி. அதுதான் அஜிதாவுக்கு இன்னும் எரிந்தது. கெட்டவர்கள் போட்ட பூட்டாக இருந்தால் உடைக்கலாம்.

அவளிடம் ஒரு வழி இருந்தது. எந்தப் பிள்ளைக்கு எது சாதாரணம் என்று பட்டைக்குச் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. ஒரு பிள்ளையின் துடிப்பு இயல்பாகவே வேகமாக இருந்தால், அந்த வேகம்தான் சாதாரணம் என்று பதிய வேண்டும். அந்தச் 'சாதாரண'த்தைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால், சேமித்து வைத்த பழைய பச்சைகள் எல்லாம் மறுபடி கணக்கிடப்பட்டுச் சிவப்பாகும். ஒரே ஒரு எண். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

முப்பது பேருக்கும் அப்படிச் செய்ய முடியாது. பாதிக்கு மேல் சிவந்தால், கருவிக் கோளாறு என்று அமைப்பே தள்ளிவிடும். சிலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் யோசித்தாள். யாரை நிற்க வைத்திருப்பார்? அவள் காலத்தில் குறி தவறியவர்களைத்தான். எனவே மதிப்பெண்ணில் கடைசியில் இருந்த ஏழு பேரை எடுத்தாள். பெனிஷாவின் பெயரை ஒதுக்கினாள். முதலிடத்துப் பிள்ளை அவரது கண்மணியாகத்தான் இருக்கும்.

எண்களை மாற்றும்போது அவள் கை நடுங்கவில்லை. மாஸ்டரின் பயிற்சி இத்தனை வருடம் கழித்துப் பயன்படுகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். 'சரி' என்று தொட்டாள். திரையில் ஏழு பெயர்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன, மிளகாய் பழுப்பதைப் போல.

*

மாஸ்டரைக் கைது செய்தபோது அவள் அங்கே இருந்தாள். கருவிகளைப் பறிமுதல் செய்ய நிறுவனத்தின் ஆள் ஒருவர் வேண்டும். அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஊரே திரண்டிருந்தது. போன மாதம் அவருக்கு மாலை போட்ட அதே ஆட்கள் மண்ணை அள்ளி வீசினார்கள். ஏழு பிள்ளைகளின் தாய்மார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மாஸ்டரின் தொப்பி எங்கோ விழுந்து, காற்று அதை உருட்டிக்கொண்டு போனது.

"இது பொய்!" அவர் கத்தினார். "அந்த ஏழு பேரும் இல்ல! அந்தப் பட்டை பொய் சொல்லுது!"

அஜிதா அவருக்கு வழியை மறித்தாள். "பட்டை பொய் சொல்லாது மாஸ்டர்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவர் கண்களில் அப்போது வந்ததை அவள் ரசித்துப் பார்த்தாள். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்த ஒருவனின் முகம். சிறுவயதில் அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் மீன் வாங்கிப் பொரித்து வயிறு முட்டத் தின்றாள். ஜாமீன் மறுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்த வாரம் முழுவதும் அப்படி ஒரு தூக்கம்.

ஏழு பிள்ளைகளுக்கு அரசு உளவியல் ஆலோசகரை ஏற்பாடு செய்தது. நகரத்தில் நல்ல பயிற்சிக்கூடத்தில் இடம் தந்தது. மற்ற இருபத்து மூன்று பேரின் வீட்டுக்கும் ஒரு சான்றிதழ் போனது.

*

பெனிஷா பள்ளிச் சீருடையில், பஸ் பிடித்து, தனியாக அஜிதாவின் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் மடித்த காகிதம். நாற்காலியில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததும் குடித்தாள். எல்லாவற்றையும் ஒரே நிதானத்தில் செய்தாள்.

"இதுல என்ன போட்டிருக்குக்கா?"

அஜிதா வாங்கிப் பார்த்தாள். அரசு முத்திரை. *பெனிஷா. பதிவுகள் ஆய்வு செய்யப்பட்டன. பாதிப்பு ஏதும் இல்லை.*

"உனக்கு ஒண்ணும் நடக்கலன்னு போட்டிருக்கு மக்ளே. சந்தோஷம்தானே?"

"நான்தான்க்கா நின்னேன்."

அஜிதாவுக்குப் புரியவில்லை.

"டார்கெட் பக்கத்துல. தினமும் நான்தான் நிப்பேன்."

"நீயா? நீ குறி தப்ப மாட்டியே."

"அதனாலதான்." பெனிஷா பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள். "தப்புற பிள்ளைய நிறுத்தினா பயத்துல அசஞ்சிரும்னு மாஸ்டர் சொன்னாரு. முன்னால ஒரு பொண்ணு அசஞ்சு, காது போயிட்டாம். அதுல இருந்து அசையாத பிள்ளையத்தான் நிறுத்துவாராம். நான் அசைய மாட்டேன்."

அஜிதாவின் கை அவளை அறியாமல் காதுத் துணிக்குப் போனது.

"அப்ப அந்த ஏழு பேரு?"

"அவங்கதான் எய்வாங்க. குறி சரியில்லாதவங்கதான் எம் பக்கத்துல எய்யணும். அப்பதான் கவனமா எய்வாங்களாம். ஆதிரன் எய்யும்போது மட்டும் நான் கண்ண மூடிக்கிடுவேன். அவன் மூச்ச அடக்கி, பச்ச மாறாம அழுதுட்டே எய்வான்." அவள் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். மேல்கையில் நீளமாக இரண்டு வெள்ளைத் தழும்புகள். "இது அவன். இது லிபின். வேணும்னு பண்ணல."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அஜிதா திடுக்கிட்டாள். பெனிஷா அசையவில்லை.

"அன்னைக்கு நான் கேட்டேனே. ஏன் இல்லன்னு சொன்னே?"

"மாஸ்டர் பாத்துட்டு நின்னாரே." அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இப்ப கிளப்ல எல்லாரும் சொல்லுகாங்க, பெனிஷா மாஸ்டரோட செல்லம், அவளுக்கு ஒண்ணும் நடக்கலன்னு. நான் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அம்மா இந்தக் காயிதத்தப் பாத்தாங்க. அப்புறம் என்னப் பாத்தாங்க. 'கவர்மெண்டே சொல்லிட்டுல்ல பிள்ளே, எதுக்கு இப்ப கத கட்டுக?'ன்னு சொன்னாங்க." முதல்முறையாக அவள் குரல் தடுக்கியது. "இத மாத்தித் தர முடியுமாக்கா? எனக்கு நடந்துச்சுன்னு?"

மாற்றலாம். இன்னொரு எண்தான். ஆனால் கைதுக்குப் பிறகு எதைத் தொட்டாலும் மேலிடத்தில் மணி அடிக்கும். ஒரு பதிவைத் திறந்தால் ஏழையும் திறப்பார்கள். பொய் வெளியே வரும். அந்த ஆள் வெளியே வருவார்.

"பார்க்கிறேன் மக்ளே" என்று சொல்லி அவளை பஸ் ஏற்றிவிட்டாள்.

அன்றைக்கும் மறுநாளும் அஜிதா எதுவும் செய்யவில்லை. மாஸ்டர் கம்பிக்குப் பின்னால் இருக்கிறார் என்ற நினைப்பை மறுபடி எடுத்துச் சுவைத்துப் பார்த்தாள். சுவை போயிருந்தது. அவரைத் தண்டிக்க அவள் ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்யில் உண்மையாகவே அடிபட்ட பிள்ளைக்கு இடமில்லாமல் போய்விட்டது. பெனிஷாவின் அம்மா சொன்னது அன்றைக்கு அஜிதாவின் அப்பா போட்ட கும்பிடு மாதிரியே இருந்தது. இந்த முறை அதை அச்சடித்துக் கொடுத்தவள் அஜிதாவேதான்.

*

"ஏழு பேரோட எண்ணையும் நீங்கதான் மாத்தினீங்கன்னு நான் பதிஞ்சா, அந்த ஆளு இன்னைக்கே வெளிய வந்துருவான்" என்றார் நீலவேணி. அவர் முகம் வெளுத்திருந்தது. "நீங்க உள்ள போவீங்க."

"தெரியும் மேடம்."

"பிறகு எதுக்கு?"

"பட்டைய நம்ப முடியாதுன்னு ஆகிட்டா, அந்தப் பிள்ளைங்ககிட்ட வாய்விட்டுக் கேட்டுத்தானே ஆகணும்? உங்க சட்டத்துல அதுக்கு வழி இருக்கா?"

நீலவேணி மேசையிலிருந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "இருக்கு. பட்டை பொய்யின்னு நிரூபணம் ஆனா, நேர் விசாரணை. யாரும் இதுவரை அந்த வழியா வந்ததில்ல." பிறகு மெதுவாக, "எனக்கு ஒரு பிள்ளைகிட்ட எப்படிக் கேக்கணும்னே மறந்துபோச்சு அஜிதா" என்றார்.

"கேளுங்க மேடம். கேட்டுட்டுப் பேசாம இருங்க. அது போதும்."

மாஸ்டர் வெளியே வந்த அன்று மன்றத்து வாசலில் மறுபடியும் மாலைகள் வந்தன. இரண்டு பெண் காவலர்களுக்கு நடுவே அஜிதாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் எதிரே வந்தார். மாலையைக் கழற்றி ஒருவனிடம் கொடுத்துவிட்டு நின்றார்.

"ஒனக்கு நான் என்ன பிள்ளே கெடுதல் செஞ்சேன்?"

அவள் துணியை அவிழ்த்தாள். பாதிக் காதை அவர் உற்றுப் பார்த்தார். ஞாபகம் வர நேரம் எடுத்தது. வந்தபோது அவர் வருத்தப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. தவறிய அம்பைப் பார்க்கிற பயிற்சியாளரைப் போலத் தலையை ஆட்டினார்.

"அன்னைக்கு நீ அசஞ்சிருக்கக் கூடாது" என்றார்.

*

விசாரணை நடந்தபோது அஜிதா சிறையில் இருந்தாள். மாஸ்டருக்குப் பல வருடத் தண்டனை என்று செய்தியில்தான் தெரிந்துகொண்டாள். பட்டையைப் பற்றிய சட்டத்தைத் திருத்தப் போவதாகவும் சொன்னார்கள். பட்டை இருக்கும், ஆனால் பச்சையோ சிவப்போ, மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். அதை எழுதியவர் நீலவேணி.

பெனிஷா தன் அம்மாவோடு பார்க்க வந்தாள். அம்மா தள்ளி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பெனிஷா கொஞ்சம் வளர்ந்திருந்தாள்.

"சொன்னியா மக்ளே?"

"சொன்னேன்க்கா. திரை போடட்டுமான்னு நீலவேணி மேடம் கேட்டாங்க. வேண்டாம்னேன். அவரு முன்னாலதான் சொன்னேன். அப்புறம் ஆதிரன் தானா எழும்பி வந்து, 'நான் எய்தேன்'னு சொன்னான். அப்புறம் லிபின். ஏழு பேரும் வந்தாங்க."

"அவரு?"

"என்ன மொறச்சுப் பாத்தாரு. கிளப்ல பாப்பாருல்லா, அசையாதேன்னு. அப்படி."

அஜிதாவின் விரல்கள் வலையை இறுகப் பிடித்தன. "அந்த ஆள அந்த டார்கெட் பக்கத்துல நிறுத்தியிருக்கணும்" என்றாள். "இப்பவும் எனக்கு அதுதான் ஆசை. பொய் சொல்ல மாட்டேன்."

"எனக்கும்தான்க்கா." பெனிஷா திரும்பி அம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சர்ச்ல ஃபாதர் மன்னிச்சிரணும்னு சொன்னாரு. மாட்டேன்னு சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். காவலர் திரும்பிப் பார்த்தார்.

"அவரு மொறச்சப்போ நின்னு சமாளிச்சியா?"

"எங்கக்கா சமாளிச்சேன்?" பெனிஷாவின் கண்கள் அகன்றன. ரகசியம் சொல்வதைப் போல வலையோரம் முகத்தைக் கொண்டுவந்தாள். "கையும் காலும் அப்படி நடுங்கிச்சு. நாக்கெல்லாம் ஒட்டிக்கிச்சு. மேடம் தண்ணி தந்தாங்க, அத மேல எல்லாம் கொட்டிட்டேன். அடக்கியிருக்கலாம். எனக்கு அடக்கத் தெரியும்லா."

"அப்புறம்?"

"அடக்கணும்னே தோணலக்கா" என்றாள் அவள். "அப்படியே நடுங்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டேன்."